காசும் களிம்பும்

புழங்குவதற்காகவே அச்சிடப்படும் பொருள் நாணயம். ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குச் செல்லும்போதுதான் அதன் மதிப்பு வெளிப்படுகிறது. பெட்டியில் கிடக்கும் காசு ஒரு வாக்குறுதியாக மட்டும் இருக்கிறது. அவ்வாறிருக்க, ஒரு காசைப் புழக்கத்திலிருந்து விலக்கி, ஆல்பத்தின் உறையிலோ அட்டைச் சட்டத்திலோ வைத்து, இனி இதைச் செலவழிப்பதில்லை என்று முடிவுசெய்யும் சேகரிப்பாளர் அறநூல்களின் பார்வையில் எங்கே நிற்கிறார் என்பது எளிதில் தள்ளிவிட முடியாத கேள்வி. திருக்குறளின் 101ஆம் அதிகாரமாகிய நன்றியில் செல்வம், தானும் துய்க்காமல் பிறர்க்கும் ஈயாமல் வைத்திருக்கும் பொருளைப் பற்றியது. மேலோட்டமாகப் பார்த்தால் நாணயச் சேகரிப்பு அந்த அதிகாரத்தின் கண்டனத்துக்கு முழுதும் உட்படுவதாகவே தோன்றும். ஏனெனில் சேகரித்த காசைத் துய்ப்பதும் இல்லை, ஈவதும் இல்லை. ஆனால் பூட்டிவைத்தல் ஒன்று, பேணிவைத்தல் வேறொன்று என்று சொல்ல இடமுண்டென்றால், அந்த வேறுபாடு சேகரிப்பாளரின் மனத்தில் மட்டும் இருந்தால் போதாது. அவர் காசை எதில் வைக்கிறார் என்பதிலும் அது தெரிய வேண்டும். ஆகவே எந்த ஆல்பம், எந்த உறை என்ற கேள்வி கடைக்காரரிடம் கேட்டு முடிக்கும் கேள்வியாக நின்றுவிடுவதில்லை.

கொங்கு நாட்டில் இந்த ஆராய்ச்சிக்குக் கைக்கெட்டும் சான்றுகள் உண்டு. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கே வந்த பழைய வணிகப் பாதை நொய்யல், அமராவதி ஆறுகளின் ஓரமாகக் கரூர் வரை சென்றது. அந்தப் பாதையை ஒட்டிய ஊர்களில் உரோமப் பேரரசின் காசுகள் பானை பானையாகக் கிடைத்துள்ளன. கோயம்புத்தூரை அடுத்த வெள்ளலூரில் 1842இல் கிடைத்த புதையலில் மட்டும் 522 வெள்ளிக்காசுகள் இருந்தன. உடுமலைப்பேட்டை வட்டாரத்துப் பூதிநத்தத்தில் 1946இல் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை கிடைத்தன. இவற்றுள் பெரும்பாலானவை அகஸ்டஸ், திபேரியஸ் ஆகிய இரு பேரரசர்களின் தெனாரியஸ்கள். தெனாரியஸ் என்பது ஏறத்தாழ நான்கு கிராம் எடையுள்ள உரோம வெள்ளிக்காசு. யாரோ ஒரு வணிகரோ அவரிடம் பொருளை ஒப்படைத்தவரோ, திரும்பி வந்து எடுக்கலாம் என்று எண்ணி மண்ணுக்குள் வைத்து, பிறகு எடுக்க வராமலே போன பொருள் அது.

இங்கே அறநூல்களைச் சங்கடப்படுத்தும் ஒரு முரண் உண்டு. ஈகையில் சிறந்தவர்கள் கையிலிருந்த வெள்ளிக்காசுகள் புழங்கித் தேய்ந்தன, உருக்கப்பட்டன, வளையலாகவும் கொலுசாகவும் மாறிப் பெயரற்றுப் போயின. எவருக்கும் ஈயாமல் புதைத்தவரின் காசுகளே இரண்டாயிரம் ஆண்டுகள் நின்று, கொங்கு நாட்டின் கடல்கடந்த வணிகத்துக்குச் சான்று சொல்கின்றன. அதாவது, குறள் கண்டிக்கும் செயல் பிற்காலத்து அறிவுக்குப் பெரும் கொடையாக முடிந்திருக்கிறது. அப்படியானால் பூட்டிவைத்தவருக்குப் புண்ணியம் சேருமா? வினைக் கோட்பாட்டை ஏற்கும் சமயங்கள் பெரும்பாலும் இல்லை என்றே விடை சொல்லும். சைவமும் சமணமும் செயலின் பின்விளைவை மட்டும் கொண்டு வினையை அளப்பதில்லை. செய்தவரின் கருத்து எதை நோக்கிச் சென்றது என்பதையே முதன்மையாகக் கொள்கின்றன. வெள்ளலூரில் புதைத்தவர் நாணயவியலாளருக்காகப் புதைக்கவில்லை. அவருடைய அச்சமோ ஆசையோ நமக்குப் பயனாக முடிந்தது தற்செயல். தற்செயலுக்கு அறத்தில் கணக்கு இல்லை. இந்த விடை சரியானதே எனினும் சற்று அவசரமான விடை. பானையைத் தேர்ந்து, வாயை மூடி, நீர் தேங்காத இடத்தில் புதைத்தவர் ஏதோ ஒரு கைக்கு அது கெடாமல் சேர வேண்டும் என்றாவது விரும்பியிருக்கிறார். அந்தக் கை அவருடையதாக இருக்க வேண்டும் என்று அவர் நினைத்தார் என்பதுதான் குறை.

திபேரியஸ் காசைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒருபுறம் பேரரசரின் தலையும், தெய்வமாக்கப்பட்ட அகஸ்டஸின் மகன் என்ற வாசகமும், மறுபுறம் அமர்ந்திருக்கும் பெண்ணுருவமும் தலைமைக் குரு என்னும் பட்டமும் கொண்ட இந்தக் காசையே, மாற்கு நற்செய்தியின் 12ஆம் அதிகாரத்தில் வரி கொடுப்பது பற்றிய விவாதத்தில் இயேசு கேட்டு வாங்கிப் பார்த்த காசு என்று நாணயவியல் மரபு நெடுங்காலமாக அடையாளம் காட்டி வருகிறது. அந்த விவாதத்தின் அடிப்படை, ஒரு பொருளின் மேலுள்ள உருவம் யாருடையதோ அவருக்கே அப்பொருள் உரியது என்பது. எருசலேமில் எழுந்த அந்தக் கேள்விக்கு ஆதாரமான அதே வகைக் காசு நொய்யல் கரையில் நூற்றுக்கணக்கில் கிடந்தது என்பது வியப்புக்குரியது. ஆனால் இங்கே உருவத்துக்கு அந்த அதிகாரம் இருக்கவில்லை. 1898இல் அன்றைய புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் கிடைத்த 501 உரோமப் பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலைமீதே உளியால் வெட்டப்பட்ட கீறல் உள்ளது. பொன்னின் தரத்தைச் சோதிக்க வெட்டினார்கள் என்பாரும், காசாக இனிப் புழங்கக்கூடாது என்று செல்லாததாக்கினார்கள் என்பாரும் உண்டு. எதுவாயினும், பேரரசரின் முகம் இருப்பதால் அது பேரரசருடையது என்ற வாதத்தை அந்த உளி ஏற்கவில்லை. காசு யாருடையது என்பதற்கு முகத்தை விட்டு வேறு விடை தேட வேண்டியிருக்கிறது.

உடைமை பற்றிக் கொங்கு மண்ணில் நெடுங்காலம் பேசிய சமயம் சமணம். விசயமங்கலத்தில் சந்திரப்பிரபர் கோயில் இன்றும் நிற்கிறது. பெருங்கதை பாடிய கொங்குவேளிர் அவ்வூரைச் சேர்ந்தவர் என்பர். நன்னூல் செய்த பவணந்தி முனிவரும் கொங்குச் சமணர். சமணர்களின் ஐந்து நோன்புகளுள் ஐந்தாவது அபரிக்கிரகம், அதாவது பொருளைப் பற்றிக்கொள்ளாமை. உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் இதை விளக்கும்போது ஒரு நுட்பம் செய்கிறது: கையில் பொருள் இருப்பதையன்று, அப்பொருளின்மேல் உணர்வு மயங்கிக் கிடப்பதையே உடைமை என்று வரையறுக்கிறது. துறவியருக்கு முற்றான துறவு விதிக்கப்பட, இல்லறத்தாருக்கு அளவு விதிக்கப்படுகிறது. இன்னின்ன பொருள் இவ்வளவுக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை என்று முன்கூட்டியே எல்லை குறித்துக்கொள்வதே அவர்களுடைய நோன்பு.

இந்த வரையறையை வைத்துக்கொண்டு ஆல்பத்தைப் பார்த்தால், கடையில் கிடைக்கும் இரு வகைகளுக்கும் இடையே பெரும் வேறுபாடு தெரியும். முதல் வகையில் ஆண்டும் அக்கசாலையும் அச்சிடப்பட்ட குழிகள் வரிசையாக வெட்டப்பட்டிருக்கும். ஒவ்வொரு குழிக்கும் உரிய காசைத் தேடிப் பொருத்த வேண்டும். அமெரிக்காவில் 1930களின் பொருளாதார மந்தக் காலத்தில் விட்மன் நிறுவனம் பரப்பிய அட்டைப் பலகைகளிலிருந்து வளர்ந்த வழக்கம் இது. இந்திய ஒரு ரூபாய்க் காசுக்கு இவ்வாறு ஆல்பம் செய்தால், மும்பைக்கு வைரக் குறி, ஐதராபாத்துக்கு நட்சத்திரம், நொய்டாவுக்குப் புள்ளி, கொல்கத்தாவுக்குக் குறியின்மை என ஆண்டுக்கு நான்கு குழிகள் வரை வேண்டியிருக்கும். இரண்டாம் வகையில் பக்கங்கள் வெறுமையாக இருக்கும். அட்டைச் சட்டங்களை வேண்டிய ஒழுங்கில் செருகி, பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

குழியுள்ள ஆல்பம் ஆசையைத் தானே உண்டாக்குகிறது என்பது கண்கூடு. நிரம்பிய பத்துக் குழிகளைவிட நிரம்பாத ஒரு குழியே கண்ணை உறுத்தும்; 'இந்த ஒன்று மட்டும் கிடைத்துவிட்டால்' என்ற பேச்சு சேகரிப்பாளர் கூடுமிடங்களில் ஓயாமல் கேட்பது. சமணர் சொல்லும் மயக்கம் இதுவே என்று முடிவு கட்டிவிடலாம். ஆனால் அதே ஆல்பம் எல்லையையும் குறிக்கிறது: குழிகள் தீர்ந்தால் தேடலும் தீரும். வெற்றுப் பக்கங்கள் கொண்ட ஆல்பத்துக்கு அத்தகைய முடிவில்லை. கண்ணில் பட்டதெல்லாம் அதில் ஏறும், ஒரு தொகுதி நிரம்பினால் இன்னொன்று வாங்கப்படும். அளவு குறித்துக்கொள்ளும் நோன்புக்கு நெருக்கமானது, விந்தையாக, ஆசையைத் தூண்டும் ஆல்பமே. இரண்டில் எது மேல் என்பது ஆளைப் பொறுத்தது என்று நழுவுவதைவிட, தொடங்குகிறவருக்குக் குழியுள்ளதும், ஆண்டுக்கணக்கில் பார்த்துப் பழகியவருக்கு வெற்றுப் பக்கமும் பொருந்தும் என்று சொல்வது பயனுள்ளது.

இனி உறைகளின் பொருள் பற்றி. விலை குறைந்த ஆல்பங்களின் மென்மையான, தொட்டால் வழுவழுவென்று வளையும் பக்கங்கள் பெரும்பாலும் பிவிசி என்னும் பாலிவினைல் குளோரைடால் ஆனவை. இந்தப் பிளாஸ்டிக்கை வளையச் செய்யக் கலக்கப்படும் மென்மையூட்டி நாளடைவில் வெளியே கசியும். வெப்பத்தில் பிளாஸ்டிக் சிதையும்போது ஹைட்ரோகுளோரிக் அமிலமும் உண்டாகும். சில ஆண்டுகள் கழித்து அத்தகைய பக்கத்திலிருந்து ஒரு செம்புக் காசை உருவினால், விரலில் ஒட்டும் பச்சை நிறப் பசை காசின் மேல் படலமாகப் படிந்திருக்கும். துடைத்தால் அதன் அடியில் உலோகம் குழி குழியாக அரிக்கப்பட்டிருப்பது தெரியும். பிளாஸ்டிக் எது என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. செம்புக் கம்பியின் நுனியைத் தீயில் பழுக்கக் காய்ச்சி, உறையின் ஓர் ஓரத்தில் தொட்டு, மறுபடி தீயில் காட்ட வேண்டும். சுடர் பச்சையாக எரிந்தால் அதில் குளோரின் உண்டு, அந்த உறை வேண்டாம். புகையை மூக்கில் படவிடாமல் திறந்த வெளியில் செய்ய வேண்டும். பாலியெஸ்டர் வகையான மைலார், பாலிஎத்திலீன், பாலிபுரோப்பிலீன் ஆகியவை காசோடு வினைபுரியாதவை. மைலார் சற்று மொடமொடப்பாக இருக்கும், எளிதில் கீறும், ஆனால் நஞ்சு இல்லை.

மிகுதியாகப் பயன்படுவது இரண்டு அங்குலச் சதுர அட்டை. நடுவே வட்டச் சாளரமும் அதில் மைலார் தாளும் உள்ள இந்த அட்டையை மடித்து, காசை இடையில் வைத்து, நான்கு புறமும் ஸ்டேப்ளர் ஊசி அடிப்பர். ஊசியின் வளைந்த முனைகளை இடுக்கியால் அழுத்தித் தட்டையாக்காவிட்டால், அடுக்கி வைக்கும்போது அவை பக்கத்து அட்டையின் சாளரத்தைக் கிழித்து, அதிலுள்ள காசின் முகத்தைக் கீறும். புதுக்கோட்டைக் காசின் மீது உளி வேண்டுமென்றே செய்ததை இங்கே ஓர் ஊசி கவனக்குறைவால் செய்துவிடுகிறது. அமிலமும் கந்தகமும் உள்ள மலிவான அட்டை வெள்ளியைக் கறுக்கச் செய்யும். இரப்பர் பாண்டும் கம்பளித் துணியும் அவ்வாறே. பீரோவில் துணியோடு போடும் பாச்சை உருண்டையையும் சாமி அறைக் கற்பூரத்தையும் காசுப் பெட்டிக்குள் கொண்டுபோகாமல் இருப்பது நல்லது. ஐரோப்பிய அருங்காட்சியகங்கள் காசுப் பேழைக்கு மகாகனி மரத்தை விரும்பி, ஓக் மரத்தைத் தவிர்த்ததற்குக் காரணம், ஓக் வெளியிடும் அமில ஆவி ஈயக் காசுகளை அரித்துவிடும் என்பது.

இத்தனை கவனமும் ஓர் உலோகத் துண்டுக்கா என்று கேட்கலாம். சமணம் மண்ணுக்குள் கிடக்கும் தாதுவையும் ஓரறிவுள்ள நிலவுடல் உயிராகக் கருதும். ஆயினும் வெட்டி எடுத்து உலையில் இட்டு உருக்கியபின் அதில் உயிர் இல்லை என்பதும் அதன் கொள்கையே. எனவே காசுக்கு நேரும் கேட்டைக் கொல்லாமைக்கு எதிரானதாகச் சொல்ல முடியாது. காசின் மேல் கடமை இல்லை. காசின் வழியாக வேறொருவருக்குக் கடமை உண்டு. அந்த வேறொருவர் இன்னும் பிறக்காதவராகவும் இருக்கலாம் என்பதுதான் இந்தக் கடமையின் வினோதம்.

சைவ சித்தாந்தம் இந்த இடத்தில் எதிர்பாராத முறையில் வந்து சேர்கிறது. மெய்கண்டார் வழிவந்த அம்மரபு இறை, உயிர், தளை ஆகிய மூன்றையும் பதி, பசு, பாசம் என்று பெயரிட்டு, மூன்றும் என்றுமுள்ளவை என்று கொள்ளும். பாசத்துள் முதன்மையான ஆணவமலம் உயிரின் அறிவை மறைப்பது. அது இடையில் வந்து ஒட்டியதன்று, தொடக்கமற்ற காலம் முதல் உயிரோடு உடன் இருப்பது. இதற்குச் சித்தாந்த நூல்கள் மீண்டும் மீண்டும் எடுத்துக்காட்டுவது செம்பும் களிம்பும் என்னும் உவமை. செம்பு உள்ளபோதே களிம்பும் உள்ளது; வெளியிலிருந்து பூசப்பட்டதாயின் ஒருமுறை துலக்கினால் போய்விட வேண்டுமே, மறுநாளே ஏன் வருகிறது என்பது அதன் தருக்கம்.

வேதியியல் இதை அப்படியே ஏற்பதில்லை. களிம்பு என்பது செம்பு காற்றிலும் ஈரத்திலும் உள்ள ஆக்சிஜன், கரியமிலவாயு, குளோரைடு ஆகியவற்றோடு சேர்ந்து உண்டாக்கும் சேர்மம். அவை இல்லாத இடத்தில் செம்பு ஆயிரம் ஆண்டு கிடந்தாலும் களிம்பேறாது. ஆனால் உவமையை இவ்வளவு எளிதில் தோற்கடித்துவிட முடியாது. அதே காற்றும் ஈரமும் பொன்னை ஒன்றும் செய்வதில்லை. களிம்பேறும் தன்மை, அதாவது பிற பொருளோடு வினைப்படும் இயல்பு, செம்பின் அணுவிலேயே உள்ளது. காற்றும் ஈரமும் அதை வெளிப்படுத்துகின்றன, அவ்வளவே. சித்தாந்தி களிம்பு என்று சொன்னதை இந்த இயல்பு என்று பொருள்கொண்டால், உலோகவியலாளரும் அவரும் அதிகம் முரண்பட வேண்டியதில்லை.

ஒப்புமை இதற்கு அப்பாலும் செல்கிறது. முத்தி நிலையில் ஆணவம் அழிந்துபோகிறது என்று சித்தாந்தம் சொல்வதில்லை; என்றுமுள்ள பொருளுக்கு அழிவில்லை, திருவருளின் முன் அதன் ஆற்றல் மட்டுமே மடங்கிக் கிடக்கும் என்கிறது. பழங்காசுகளைப் பேணுகிறவர்கள் வெண்கல நோய் என்று ஒன்றைச் சொல்வர். மண்ணில் கிடந்தபோது காசுக்குள் நுழைந்த குளோரைடு, காற்றில் ஈரம் மிகும்போது விழித்து, வெளிர்பச்சைப் பொடியாகக் கிளம்பிக் காசையே தின்றுவிடும் நிலை அது. அந்தக் குளோரைடை முற்றிலும் வெளியேற்றுவது மிகக் கடினம். எனவே சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு இறுக மூடிய பெட்டியில், காற்றின் ஈரப்பதம் 40 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும்படி வைத்து, அது கிளம்பாமல் அடக்குகிறார்கள். நோய் உள்ளேயே இருக்கிறது, ஆற்றல் மடங்கியிருக்கிறது. கொங்கு நாட்டில் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் உள்ள தாராபுரம் பகுதியின் வறண்ட காற்று இதற்கு ஓரளவு துணைசெய்யும். ஐப்பசி, கார்த்திகை மழைநாட்களில் அந்தத் துணையை நம்பக்கூடாது.

ஓரிடத்தில் மட்டும் உவமை சேகரிப்பாளரைக் கைவிடுகிறது. சித்தாந்தத்தில் களிம்பு முழுக்கத் தீயது. இரசகுளிகை பட்டுச் செம்பு பொன்னாவதுபோல் அருள்பட்டு உயிர் தூய்மை பெற வேண்டும். நாணயவியலாளருக்கோ, உறுதியாகப் படிந்த கருமையும் பசுமையும் கலந்த மேற்படலம் காசின் காப்பு, அதன் வயதுக்கு அத்தாட்சி. ஒருபுறம் யானையும் மறுபுறம் அச்சிட்ட ஊரின் பெயரும் கொண்ட திப்பு சுல்தானின் செப்புக்காசை, மைசூருக்கும் ஆங்கிலேயக் கும்பினிக்கும் இடையே தாராபுரம் கோட்டை கைமாறிக்கொண்டிருந்த காலத்தின் அந்தச் சிறு சான்றை, புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டால், யானையின் காதும் தும்பிக்கையின் மடிப்பும் தேய்ந்து, இளஞ்சிவப்பான ஒரு வில்லை மிஞ்சும். பார்க்கப் புதிதாக இருக்கும். படிக்க ஒன்றும் இராது. சித்தாந்திகள் கண்முன் வைத்திருந்தது அன்றாடம் நீர்மொள்ளும் செப்புக் குடம் என்று கொண்டால் முரண் தீர்கிறது. புழங்கும் பாத்திரத்தில் களிம்பு நஞ்சு, தினமும் துலக்கியாக வேண்டும். புழக்கத்திலிருந்து விலகிய காசில் அதே களிம்பு நினைவு. ஒரே படலத்தைக் குற்றமாகவும் சான்றாகவும் ஆக்குவது அப்பொருளுக்கு நாம் தந்திருக்கும் வாழ்க்கை.

காசைப் புழக்கத்திலிருந்து விலக்குவது சேகரிப்பாளர் மட்டும் செய்வதன்று என்பதையும் இங்கே கருத வேண்டும். கொங்கு வீடுகளில் நோயோ வழக்கோ தீரவேண்டி ஒரு ரூபாய்க் காசைக் கழுவி, மஞ்சள் துணியில் முடிந்து, குலதெய்வத்தின் பெயராலோ பழனி முருகனின் பெயராலோ சாமி படத்தின் முன் வைப்பது வழக்கம். முடிந்த கணத்திலிருந்து அந்தக் காசு செலவுக்கு உரியதன்று. வீட்டில் வேறு காசே இல்லாத நாளிலும் அதைத் தொடமாட்டார்கள். தைப்பூசத்துக்குத் தாராபுரம் வழியாகப் பழனிக்கு நடக்கும் பாதயாத்திரைக் கூட்டத்தில் அத்தகைய முடிச்சுகளும் மடியிலிருந்து உண்டியலுக்குச் செல்கின்றன. உலோகப் பாதுகாப்பு நோக்கில் ஈரம் காயாத மஞ்சள் துணி செம்புக் காசுக்கு மோசமான உறை. ஆனாலும் ஓர் உறை செய்ய வேண்டியவற்றுள் மிக முக்கியமானதை அது செய்துவிடுகிறது: இது என்னுடையதன்று, வேறொருவருக்கு உரியது, கொடுக்கும் வரை என்னிடம் இருக்கிறது என்று பார்ப்பவர் எல்லோருக்கும் சொல்லிவிடுகிறது. விலை உயர்ந்த ஆல்பங்களில் பல இதைச் சொல்வதில்லை.

காங்கேயத்தை அடுத்த சிவன்மலைச் சுப்பிரமணிய சுவாமி கோயிலின் ஆண்டவர் உத்தரவுப் பெட்டி இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. பக்தர் ஒருவரின் கனவில் முருகன் குறிப்பிட்டதாகச் சொல்லப்படும் பொருள், சந்நிதியில் பூக்கேட்டு உறுதிசெய்யப்பட்டபின், கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப்படுகிறது. மண், நீர், மஞ்சள் என அன்றாடப் பொருள்களே அதில் இடம்பெற்றிருக்கின்றன. உள்ளே வைக்கப்பட்ட பொருளைச் சுற்றி நாட்டில் ஏதேனும் நிகழும் என்பது மக்களின் நம்பிக்கை. நம்பிக்கையை ஏற்பதும் மறுப்பதும் இருக்கட்டும். பெட்டி என்ன செய்கிறது என்பதே இங்கே பொருள். கைப்பிடி மண்ணைப் பயனிலிருந்து நீக்கிக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்தவுடன், அது எல்லோரும் நின்று வாசிக்க முயலும் எழுத்தாகிவிடுகிறது. அடுத்த உத்தரவு வந்ததும் அது வெளியே எடுக்கப்படுகிறது, இன்னொன்று உள்ளே போகிறது. எதுவும் அங்கே நிரந்தரக் குடியிருப்பு பெறுவதில்லை.

இதற்கு நேரெதிரானது இன்று உலகச் சந்தையில் பரவியிருக்கும் முத்திரைப் பேழை. 1986இல் அமெரிக்காவில் பிசிஜிஎஸ் நிறுவனம் தொடங்கிவைத்த முறைப்படி, வல்லுநர்கள் காசை ஆராய்ந்து, தரத்துக்கு 70 வரையிலான ஓர் எண் கொடுத்து, உடைத்தாலன்றித் திறக்க முடியாத கெட்டிப் பிளாஸ்டிக்கில் அடைத்து அனுப்புகிறார்கள். போலிகள் மலிந்த சந்தையில் இதன் பயன் மறுக்க முடியாதது, பிளாஸ்டிக்கும் தரமானதே. ஆனால் காசை இனி யாரும் கையில் எடுத்து எடை பார்க்க முடியாது. பல பேழைகளில் விளிம்பைச் சரியாகக் காணவும் முடியாது. வாங்குபவர் பெரும்பாலும் எண்ணைத்தான் வாங்குகிறார். சமணர் சொன்ன மயக்கம் காசை விட்டு அதன் மதிப்பெண்ணின் மீது ஏறிவிட்ட நிலை என்று இதைச் சொல்லலாம். திறந்து எடுக்கவும் மறுபடி வைக்கவும் இடந்தரும் அட்டையும், திருகித் திறக்கும் வட்டக் கேப்சூலும் இந்த வகையில் மேலானவை. காசுக்கு எதைச் செய்தாலும் பின்னர் வருபவர் அதை நீக்கிக்கொள்ள வழி இருக்க வேண்டும் என்பதைப் பேணுநர்கள் விதியாகவே கொண்டிருக்கிறார்கள்.

பின்னர் வருபவருக்கு உறையைவிட முக்கியமானது உறையோடு செல்லும் சீட்டு. தாராபுரத்தைக் கடந்து செல்லும் அமராவதி, சங்க இலக்கியம் ஆன்பொருநை என்று அழைத்த ஆறு. அது கரூரை அடையும் இடத்தில், மணலைச் சலித்து எடுத்த காசுகளிலிருந்துதான் சங்ககாலச் சேரரின் பெயர் பொறித்த நாணயங்கள் பல வெளிச்சத்துக்கு வந்தன. தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி (1933–2021) அவற்றைத் தேடி வாங்கி, மாக்கோதை, கொல்லிப்புறை போன்ற எழுத்துகளைப் படித்து வெளியிட்டதால், பாடல்களில் மட்டும் வாழ்ந்த மன்னர் மரபுக்கு உலோகச் சான்று கிடைத்தது. அவர் பூட்டிவைத்தவர் அல்லர், படித்து வெளியிட்டவர். குறளின் கண்டனம் அவரைத் தொடாததற்கு அதுவே போதும். ஆனால் ஆற்றுமணலில் கிடைக்கும் காசுக்கு அகழாய்வுக் குழியின் அடுக்கு இல்லை, உடன் கிடந்த பானையோட்டுத் துண்டு இல்லை. எங்கே எடுக்கப்பட்டது என்பதும் கைமாறும்போது உதிர்ந்துவிட்டால், மிஞ்சுவது அழகான உலோகம் மட்டும்.

சட்டமும் இந்தக் கேள்வியில் தலையிடுகிறது. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதைக் கண்டெடுத்தாலும் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் பிரித்து விற்கப்பட்ட பானையின் காசு எந்த ஆல்பத்தில் இருந்தாலும், அதை வைத்திருப்பவர் வெள்ளலூரில் புதைத்தவரைவிடக் கீழான நிலையில்தான் இருக்கிறார்; அவராவது தன் பொருளை ஒளித்தார். சட்டத்துக்கு உட்பட்டு வாங்கிய காசைப் பொறுத்தவரை சேகரிப்பாளர் செய்யக்கூடியது அதிகமில்லை, ஆனால் தெளிவானது. அட்டையில் காசை வைத்து ஊசி அடிப்பதற்கு முன்பே, பென்சிலாலோ சாயம் கசியாத மையாலோ, பிளாஸ்டிக்கின் மேல் அல்லாமல் அட்டையின் மேலேயே, எடை, விட்டம், கிடைத்த இடம், வாங்கிய நாள், யார் வழியாக வந்தது என்பவற்றை எழுத வேண்டும். விற்றவர் இடத்தைச் சொல்லாவிட்டால், கரூர் என்றோ கொடுமணல் என்றோ பொருத்தமாகத் தோன்றும் பெயரை நிரப்பாமல், அந்த வரியை வெறுமையாக விட்டு, கேட்டும் சொல்லவில்லை என்று மட்டும் குறிக்க வேண்டும்.